எஜமானும் ஆளும்: திரையிட நான்கு ஜெர்மன் சிரிப்புப் படங்கள், எதை முதலில் எடுப்பது?

ஜெர்மன் படம் என்றால் நம் திரையிடல்களில் வழக்கமாக நிழலும் பேயும் இரும்பு எந்திரமும்தான். சிரிப்புப் படம் ஒன்று போடலாமே என்று கூட்டத்தில் யாராவது வாய் திறந்தால், "ஜெர்மன்காரன் சிரிப்பானா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கேள்வி வரும். நன்றாகவே சிரிப்பான். பட்டம் மட்டும் மிஞ்சிய ஏழைப் பிரபு, அவனைவிட விவரமான வேலைக்காரன், பணத்தை வைத்துக்கொண்டு பட்டத்துக்கு அலையும் புதுப் பணக்காரன்: பெர்லினும் வியன்னாவும் இந்தச் சரக்கை வைத்து அரை நூற்றாண்டு கடை நடத்தியிருக்கின்றன.

அந்தக் கடையிலிருந்து நான்கு படங்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம். இயக்குநர் எர்ன்ஸ்ட் லுபிட்ஷின் 'சிப்பி இளவரசி' (1919), எரிக் ஷரெலின் 'மாநாடு ஆடுகிறது' (1931), குர்ட் ஹோஃப்மானின் 'ஃபெலிக்ஸ் க்ருல்' (1957), கவால்கான்டியின் 'புன்டிலா பண்ணையாரும் அவர் ஆள் மாட்டியும்' (1955இல் எடுக்கப்பட்டது). ஐம்பது அறுபது பேர் உட்காரும் கூடம், ஒரு ப்ரொஜெக்டர், இரண்டு ஸ்பீக்கர், ஜெர்மன் தெரியாத பார்வையாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாலைக்கு ஒரு படம்தான் என்றால் எது?

எதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் முடிவு சுலபம். உடம்பில் இருக்கும் சிரிப்பு கடல் தாண்டும். பாட்டில் இருப்பது பாதி தாண்டும். பேச்சில் இருப்பதை சப்டைட்டில் எழுதுகிறவர்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும்; அவர் கை நழுவினால் கூடத்தில் இருமல் சத்தம் கேட்கும். இந்தக் கணக்கில் முதல் மாலைக்கு 'சிப்பி இளவரசி'தான். மற்ற மூன்றும் ஏன் பின்னால் நிற்கின்றன, எந்தச் சூழலில் முன்னால் வரும் என்பதையும் பார்த்துவிடலாம்.

சிப்பி இளவரசி

இந்தப் படத்தின் ஆண்டைக் கவனியுங்கள். 1918 நவம்பரில் ஜெர்மனியில் முடியாட்சி விழுந்தது. 1919 ஏப்ரலில் ஆஸ்திரியா பிரபுப் பட்டங்களைச் சட்டம் போட்டு ஒழித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த வைமார் அரசியல் சட்டம், அதாவது புதிய ஜெர்மன் குடியரசின் சட்டம், பட்டம் இனி பெயரின் ஒரு துண்டு மட்டுமே என்றது. இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவே, ஜூன் மாதம் படம் வெளியானது. வேலையில்லா இளவரசன் அன்றைக்குக் கட்டுக்கதைப் பாத்திரம் இல்லை. தெருவில் பார்க்கக்கூடிய ஆள்.

கதை இரண்டு வரி. அமெரிக்கச் சிப்பி வியாபாரக் கோடீஸ்வரர் குவேக்கரின் மகள் ஓசி, ஷூ பாலிஷ் கோடீஸ்வரரின் மகள் ஒரு பிரபுவைக் கட்டிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டு வீட்டுச் சாமான்களைப் போட்டு உடைக்கிறாள். "உனக்கு ஒரு இளவரசனையே வாங்கித் தருகிறேன்" என்கிறார் அப்பா. தரகர் பிடித்துத் தருவது நுக்கி என்ற இளவரசனை. அவனோ ஒண்டுக்குடித்தனத்தில் தன் ஆள் யோசெஃபுடன் குடியிருந்து, துணியைத் தானே துவைத்துக் காயப்போடுகிறவன். பெண் பார்த்துவிட்டு வா என்று யோசெஃபை அனுப்புகிறான். அங்கே ஆளையே இளவரசன் என்று நினைத்துவிடுகிறார்கள். பொறுமையில்லாத ஓசி, யோசித்துப் பார்க்க நேரம் கொடுக்காமல் கல்யாணத்தையும் முடித்துவிடுகிறாள்.

வேலைக்காரன் எஜமான் வேஷம் போடுவது உலகம் முழுக்க உள்ள பழைய தந்திரம். லுபிட்ஷின் கை தெரிவது வேறு இடத்தில். மாளிகைக் கூடத்தில் யோசெஃபைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். மாடியில் ஓசியைக் குளிப்பாட்டிப் பிடித்துவிட்டுத் துடைக்க ஒரு பணிப்பெண் பட்டாளம். கீழே இவனுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை. தரையைப் பார்க்கிறான்; பெரிய கோலம் போல ஒரு வடிவம். கோட்டின் மேல் ஒரு காலை வைக்கிறான், அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் கைகளை விரித்துக்கொண்டு கோட்டை விட்டு விலகாமல் கூடம் முழுக்க நடந்துகொண்டிருக்கிறான். பணக்கார வீட்டு வாசலில் காக்க வைக்கப்பட்ட எவனுக்கும் இது புரியும். ஒரு சொல் கிடையாது, சப்டைட்டில் தேவையில்லை. யூலியுஸ் ஃபால்கன்ஷ்டைன் என்ற ஒல்லியான வழுக்கைத் தலை நடிகரின் இரண்டு கால்கள் மட்டும்.

அடுத்தது கல்யாண விருந்து. ஒவ்வொரு விருந்தாளியின் முதுகுக்குப் பின்னாலும் பரிமாறுகிறவர்களின் வரிசை. ஒரு தட்டு மாறினால் வரிசையே அணிவகுத்து நகரும். பிறகு ஃபாக்ஸ்ட்ராட் நடனம் தொற்றுநோய் போல வீடு முழுக்கப் பரவுகிறது. விருந்தாளிகள் ஆட, மாடிப்படியில் பணியாளர்கள் ஆட, சமையலறையில் சமையல்காரர்களும் ஆடுகிறார்கள். வாத்தியக் குழுவில் ரம்பம் உண்டு. தாளத்துக்கு ஒருவன் கன்னத்தில் அறைவதும் உண்டு. முன்னால் நின்று இடுப்பை வெட்டி வெட்டி இசை நடத்தும் பொடியன் குர்ட் போய்ஸ், அப்போது பதினெட்டு வயது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான்காவது படத்தில் திரும்ப வருவார்.

இனி வேலை விவரம். மவுனப் படம் என்பதால் மூன்று இடத்தில் கெடும்.

ஒன்று, வேகம். மவுனப் படங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 16 முதல் 20 ஃபிரேம் கணக்கில் ஓடியவை. பேசும் படம் 24. இருபதில் ஒரு மணி நேரம் ஓட வேண்டிய படத்தை 24இல் ஓட்டினால் 50 நிமிடத்தில் முடிந்துவிடும், எல்லோரும் எறும்பு போல ஓடுவார்கள். இந்தப் படம் சரியான வேகத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கையில் உள்ள பிரதி 50 நிமிடத்துக்குப் பக்கத்தில் நின்றால் சந்தேகப்படுங்கள். யோசெஃபின் கோல நடை அந்த வேகத்தில் பைத்தியக்காரன் நடையாகிவிடும், சிரிப்பு போய்விடும்.

இரண்டு, இசை. நல்ல வட்டில் மீட்டெடுத்த பதிப்புக்கென்றே எழுதிய இசை இருக்கும், அதையே போடுங்கள். இல்லாதபோது செல்ஃபோனில் இருக்கும் எதையாவது ஓடவிடுவதுதான் வழக்கமான தவறு. சொல் உள்ள பாட்டு வந்தால் கூட்டம் பாட்டைக் கேட்கும், படத்தை விட்டுவிடும். முழு நிசப்தமும் உதவாது. பக்கத்து நாற்காலி கிறீச்சிடுவது கேட்கும் கூடத்தில் முதல் ஆளாகச் சிரிக்க யாரும் துணிவதில்லை. நேரடியாக வாசிக்க ஒரு கீபோர்டுக்காரர் கிடைத்தால் ஃபாக்ஸ்ட்ராட் காட்சியை மட்டும் இரண்டு முறை பயிற்சி பார்க்கச் சொல்லுங்கள். நான்கு எண்ணிக்கைத் தாளம். வேகத்தை குர்ட் போய்ஸின் இடுப்பைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களில் அவர் மனம் போல வாசிக்கலாம்.

மூன்று, எழுத்து அட்டைகள். படத்தில் குவேக்கருக்கு ஒரு வழக்கமான வாசகம் உண்டு. எந்த ஆடம்பரத்தைக் காட்டினாலும் 'தாஸ் இம்போனியெர்ட் மியர் நிஷ்ட்' என்பார். "இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை" என்று தமிழாக்கத் தோன்றும். செய்யாதீர்கள். கடைசிக் காட்சியில், புதுமணத் தம்பதியின் அறையைச் சாவித் துவாரம் வழியே எட்டிப் பார்த்துவிட்டு அதே வாசகத்தை எதிர்மறை இல்லாமல் சொல்வார். படம் அந்தத் திருப்பத்தில்தான் முடிகிறது. 'பொருட்டே இல்லை'யைத் திருப்ப முடியாது. முதல் தடவையே "இது என்னை அசைக்கவில்லை" என்று வைத்து, ஒவ்வொரு முறையும் எழுத்துப் பிசகாமல் அதையே போட்டுவந்தால், கடைசியில் "இது என்னை அசைத்துவிட்டது" என்று தானாகக் கனிந்து விழும்.

அட்டையைத் தமிழில் காட்டாமல், திரையோரம் ஒருவர் நின்று வாசித்துச் சொல்வதும் நல்ல வழி. மவுனப் பட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் அப்படித்தான் நடந்தது. அட்டைகள் குறைவு, ஒரு ஆளால் முடியும். ஒரே நிபந்தனை, அவர் நடிக்கக் கூடாது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் குவேக்கரைச் சுற்றிக் கறுப்பின வேலைக்காரர்கள் நின்று சுருட்டைப் பிடிக்கவும் வாய்க்குக் காப்பி கொடுக்கவும் செய்கிறார்கள். லுபிட்ஷ் கேலி செய்வது முதலாளியை. ஆனால் அந்த வேலையாட்கள் வெறும் மரச்சாமான் மாதிரி பயன்படுகிறார்கள். திரையிடுமுன் இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் போதும், பிற்பாடு விவாதம் முழுக்க அங்கேயே மாட்டிக்கொள்ளாது.

மாநாடு ஆடுகிறது

முதலில் பெயர். 'டேர் கொங்ரெஸ் டான்ஸ்ட்' என்பதை 'காங்கிரஸ் நடனமாடுகிறது' என்று போஸ்டரில் போட்டால் நடக்கக் கூடியதை விவரிக்க வேண்டாம். இது 1814-15இல் நடந்த வியன்னா மாநாடு. மாநாடு ஆடுகிறது, நகரத்தான் மாட்டேன் என்கிறது என்று அப்போதே கிண்டல் உண்டு. பெயர் அங்கிருந்து வந்தது.

கையுறைக் கடைப் பெண் கிரிஸ்டல், ஊருக்கு வரும் மன்னர்களின் வண்டிகளுக்குள் கடை விளம்பரத்தோடு பூச்செண்டு எறிகிறாள். ரஷ்ய ஜார் அலெக்சாந்தரின் மேல் விழுந்த செண்டை வெடிகுண்டு என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பிறகு ஜாரே அவள் மேல் மையல் கொள்கிறார். ஜாருக்கு ஒரு நகல் ஆள்: உரால்ஸ்கி. சலிப்பான அரச சடங்குகளுக்கு அவனை அனுப்பிவிட்டு இவர் ஊர் சுற்றுகிறார். இரண்டு பேரும் வில்லி ஃபிரிட்ஷ்தான். கொன்ராட் ஃபைட் ஆடும் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிஷ், காலையில் படுக்கையில் சாய்ந்தபடி குழாய்களில் காது வைத்து ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்பது இந்தப் படத்தின் சிறந்த நகைச்சுவை. அதற்கும் சொல் அதிகம் வேண்டாம்.

எல்லோரும் பேசுவது லிலியன் ஹார்வி வண்டியில் போகும் பாட்டுக் காட்சியைத்தான். ஜார் அனுப்பிய வண்டியில் கடைப்பெண் ஏறுகிறாள். ஊரைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, துணி துவைக்கும் பெண்களைத் தாண்டி வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, பாட்டை வழியில் உள்ளவர்களெல்லாம் கையில் வாங்கிக்கொள்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவிகள் காமிராவைக் கட்டிப்போட்டிருந்த 1931இல் இப்படி ஓடவிட்டது சாதனை. வெர்னர் ரிச்சர்ட் ஹைமானின் மெட்டு ஒரு தடவை கேட்டால் வீடு வரை கூட வரும். சப்டைட்டில் எழுதுகிறவருக்கு ஒரு யோசனை: முதல் சுற்றுக்கு மட்டும் வரிகளைப் போடுங்கள். திரும்பத் திரும்ப வரும் பல்லவிக்குப் போட்டால் கண் கீழேயே நிற்கும், காமிரா என்ன செய்கிறது என்று யாரும் பார்க்கமாட்டார்கள்.

இங்கே கெடுவது இரண்டு. படத்தை ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மூன்று மொழியில் தனித்தனியாக எடுத்தார்கள். ஹார்வி மூன்றிலும் உண்டு, அதனால் அவரைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஜாரைப் பாருங்கள். ஹென்றி கரா இருந்தால் அது பிரெஞ்சு அல்லது ஆங்கிலப் பதிப்பு. வில்லி ஃபிரிட்ஷ் இருந்தால்தான் நீங்கள் தேடுவது.

இரண்டாவது, திரையில் விழும் படத்தின் வடிவம். ஆரம்பப் பேசும் படங்களில் ஒலித்தடம் ஃபிலிமின் ஓரத்தைத் தின்றுவிட்டதால் படம் கிட்டத்தட்டச் சதுரமாக, 1.19க்கு 1 என்ற அளவில் இருக்கும். ப்ரொஜெக்டரை 'ஃபில்' நிலையில் விட்டால் ஹார்வி அகலமாகி உப்பிவிடுவார்; 'ஜூம்' போட்டால் தலை வெட்டுப்படும். ஒன்பது அடி அகலம், ஐந்தடி உயரத் திரையில் இந்தப் படம் ஆறடி அகலம்தான் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கறுப்பாகக் காலி இருக்கும். "படம் சின்னதாயிருக்கே" என்று ஒருவர் வந்து சொல்வார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

இதை முதல் மாலைக்குப் பரிந்துரைக்காததற்குக் காரணம் படத்தின் தரம் இல்லை. கிரிஸ்டல் யாருக்கும் வேலைக்காரி கிடையாது. படம் கனவைப் பார்க்கிறது, எஜமான் ஆள் உறவைத் தொட்டுவிட்டுப் போகிறது. பாட்டுக்காக வரும் கூட்டம், வயதில் மூத்த பார்வையாளர்கள் என்றால் இதையே முதலில் போடலாம். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். இந்தப் படத்தை 1937இல் நாஜிகள் தடை செய்தார்கள். தயாரிப்பாளர் பொம்மர், இயக்குநர் ஷரெல், ஹைமான், ஃபைட் எல்லோரும் அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். ஜாரின் உதவியாளராகக் குலுங்கிக் குலுங்கி வரும் ஓட்டோ வால்பர்க் 1944இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார். படம் முடிந்த பிறகு இதைச் சொல்லுங்கள், முன்னால் வேண்டாம்.

ஃபெலிக்ஸ் க்ருல்

ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன்னின் நாவலை வைத்து எடுத்தது. அவர் எழுதி முடிக்காமலே விட்ட கதை, ஆகவே படத்துக்கு முடிவு தனியாகத் தைக்கப்பட்டது. ஹோர்ஸ்ட் புக்ஹோல்ஸ் என்ற அழகன், பாரிஸ் ஓட்டலில் லிஃப்ட் பையனாகச் சேர்ந்து, பரிமாறுகிறவனாகி, கடைசியில் மார்க்கி பட்டமுள்ள ஒரு பிரபுவின் பெயரையே வாங்கிக்கொண்டு லிஸ்பன் போகிறான். நாவலில் ஓட்டல்காரர்கள் சீருடையோடு சேர்த்து 'ஆர்மாண்ட்' என்று ஒரு பெயரையும் அவனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பெயரே எஜமானின் சொத்து என்று தெரிந்தவனுக்கு, இன்னொருவர் பட்டத்தை எடுத்துப் போட்டுக்கொள்வதில் என்ன கூச்சம்?

கருப்பு வெள்ளை, ஒன்றே முக்கால் மணி நேரம். சிரிப்பு பெரும்பாலும் பேச்சில், அதுவும் வேண்டுமென்றே அலங்காரமாகப் பேசப்படும் பேச்சில். சாதாரணத் தமிழில் சப்டைட்டில் போட்டால் அவன் வெறும் திருடனாகத் தெரிவான். பழைய மேடைத் தமிழின் வாடை கொஞ்சம் வேண்டும். நாவலைப் படித்த ஏழெட்டுப் பேர் கூட்டத்தில் இருந்தால் போடுங்கள். மற்றபடி நான்கில் இதைக் கடைசியில் வைப்போம்.

புன்டிலாவும் அவர் ஆளும்

பெயரிலேயே ஒரு சிக்கல். அந்த வேலையாளின் பெயரைத் தமிழில் 'மட்டி' என்று எழுதினால் முட்டாள். 'மத்தி' என்று எழுதினால் மீன். படத்திலேயே ஆக விவரமானவன் அவன்தான். மூன்றில் 'மாட்டி' தேவலை, பாவம், மாட்டிக்கொண்டவன்தானே.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1940இல் ஃபின்லாந்தில் அகதியாக இருந்தபோது, அந்நாட்டு எழுத்தாளர் ஹெல்லா வூலியோகியின் கதையிலிருந்து எழுதிய நாடகம். படமாக எடுத்தவர் பிரேசில்காரர் ஆல்பெர்ட்டோ கவால்கான்டி, எடுத்தது வியன்னாவின் ரோசன்ஹ்யூகல் ஸ்டூடியோவில், வண்ணத்தில். இசை ஹான்ஸ் ஐஸ்லர். புன்டிலாவாக ஆடியவர், 1919இல் இடுப்பை வெட்டிய அந்தப் பொடியன் குர்ட் போய்ஸ். இப்போது ஐம்பத்து நாலு வயது. நடுவில் ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா போய், 'காசாபிளாங்கா' என்ற ஹாலிவுட் படத்தில் பிக்பாக்கெட்டாக வந்தார். அதே படத்தில்தான் மெட்டர்னிஷ் கொன்ராட் ஃபைட் நாஜி மேஜராக வந்தார். நம் நான்கு படங்களில் மூன்றின் ஆட்கள் காசாபிளாங்காவில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

புன்டிலா பெரும் நிலக்காரர். குடித்தால் நல்லவர்: ஆளைக் கட்டிப்பிடிப்பார், மகளை உனக்கே தருகிறேன் என்பார், விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகும் நான்கு பெண்களுக்கும் திரைச்சீலை வளையத்தைப் போட்டு நிச்சயம் பண்ணுவார். தெளிந்தால் கணக்கு பார்க்கும் முதலாளி. அவர் மொழியில் இதுவே தலைகீழ்: தெளிவுதான் அவருக்கு அவ்வப்போது வரும் வலிப்பு நோய். தெளிவாக இருக்கும்போது மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளி ஆகிவிடுகிறான், பொறுப்புள்ளவன் எதையும் செய்யக்கூடியவன் என்று பயப்படுகிறார். தொடக்கத்தில் இரண்டு நாளாக ஓட்டலில் குடித்துக்கொண்டிருக்கிறார். வெளியே காரில் இரண்டு நாளாகக் காத்திருந்த ஓட்டுநர் உள்ளே வந்து நிற்கிறான். நீ யாரப்பா என்கிறார். உங்கள் ஓட்டுநர் என்கிறான். அறிமுகமே அவ்வளவுதான். 1919இல் யோசெஃப் காத்திருந்தான், இவனும் காத்திருக்கிறான். ஆனால் இவன் தரையில் கோடு மிதித்து விளையாடுகிற ஆள் இல்லை.

கதையின் கூர்மையான இடம் தேர்வுக் காட்சி. பண்ணையார் மகள் ஏவா, ஓட்டுநர் மனைவியாக இருக்கத் தயார் என்கிறாள். சரி, பார்த்துவிடலாம் என்று மாட்டி எல்லோர் முன்னாலும் பரீட்சை வைக்கிறான். காலுறை தைக்கத் தெரியுமா? வேலை முடிந்து அலுத்து வருகிறவனிடம் வாய் மூடி இருக்கத் தெரியுமா? நடு இரவில் எஜமான் கூப்பிட்டு அனுப்பினால் என்ன பதில் சொல்வாய்? கடைசியில் அவள் பின்புறத்தில் ஒரு தட்டு தட்டுகிறான், அவள் முகம் சிவந்துவிடுகிறது. தேர்வு முடிந்தது. இன்றைய கூடத்தில் இந்தக் காட்சிக்குச் சிரிப்பு இரண்டாகப் பிரியும். ஆண்கள் சிரித்த பிறகு பெண்கள் பேசுவார்கள். அப்படி நடந்தால் திரையிடல் சரியாகப் போகிறது என்று பொருள். விவாதத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இந்தப் படத்தில்தான் சப்டைட்டில் எழுதுகிறவர் உண்மையில் சம்பாதிக்க வேண்டும், ஏனென்றால் சிரிப்பு மரியாதைச் சொற்களில் இருக்கிறது. ஜெர்மனில் 'டு' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். பழைய காலத்தில் வேலையாளை நேராக அழைக்காமல் 'அவன்' என்றே படர்க்கையில் பேசும் வழக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே 'யூ'தான். ஆங்கில சப்டைட்டிலைத் தமிழாக்கினால் இந்தப் படியெல்லாம் சமதளமாகிவிடும். ஜெர்மன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒலியைப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு 'டு'வா 'ஸீ'யா என்று மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். நம் மொழியில் அதற்கு இடம் தயாராக இருக்கிறது. புன்டிலா போதையில் "வாப்பா, உட்காரு" என்றும் தெளிந்தபின் "டேய்" என்றும் பேசட்டும். மாட்டியின் 'ஐயா' மட்டும் இரண்டு நிலையிலும் ஒரே 'ஐயா'வாக இருக்க வேண்டும். எஜமான் மாறுகிறார் என்று அவன் ஒரு கணமும் நம்பவில்லை. அந்த மாறாத 'ஐயா'வில்தான் முழு நாடகமும் இருக்கிறது.

முதல் மாலைக்கு இது கனம். பிரதி கிடைப்பதும் மற்றவற்றைவிடச் சிரமம், தேடலை முன்கூட்டியே தொடங்குங்கள்.

கூடத்துக்குப் போகுமுன்

தமிழ் சப்டைட்டிலை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்து, ஒரு வரிக்கு ஐந்தாறு சொல், அதிகம் போனால் இரண்டு வரி என்று வையுங்கள். லேப்டாப்பில் நன்றாகத் தெரிந்த எழுத்து, பென் டிரைவில் போட்டு டிவியிலோ ப்ரொஜெக்டரிலோ நேராகச் செருகினால் உடைந்துவிடும்: 'கொ' என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கலைந்து நிற்கும். தமிழ் எழுத்தை ஒட்டிக் கோக்கத் தெரியாத பிளேயர் அது. ஒன்று லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் நேராக மாட்டுங்கள், இல்லையென்றால் சப்டைட்டிலைப் படத்திலேயே பதித்துவிடுங்கள்.

நேரம் போகப் போக வரிகள் விலகினால், சப்டைட்டில் 25 ஃபிரேம் ஐரோப்பிய வட்டுக்கு எழுதியது, படம் 24இல் ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் பிசகும். தொடக்கத்தில் அரை விநாடி தள்ளிப் பார்த்துச் சரி செய்ய முடியாது; சப்டைட்டில் எடிட்டரில் ஃபிரேம் விகிதத்தையே மாற்ற வேண்டும். முதல் பத்து நிமிடம் சரியாக இருக்கிறது என்று நம்பி விட்டுவிடாமல், கடைசிப் பத்து நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள்.

உரிமை விஷயத்தில் அசட்டை வேண்டாம். வீட்டில் பார்க்க விற்கும் வட்டின் உரிமம் பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. இந்தியச் சட்டத்தில் படத்துக்கு, வெளியான ஆண்டை விட்டு 60 ஆண்டு. 1919 படம் அதைத் தாண்டிவிட்டது. ஆனால் அதற்குப் புதிதாக எழுதிய இசைக்குத் தனி உரிமை இருக்கும். முதல் இரண்டு படங்களுக்கும் ஜெர்மனியில் விஸ்பாடனிலுள்ள முர்னாவ் அறக்கட்டளையிடம் கேட்க வேண்டும். லாப நோக்கில்லாத திரையிடல் என்றால் முதலில் ஜெர்மன் பண்பாட்டு மையமான கெத்தே நிறுவனத்தில், சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று அழைக்கப்படும் இடத்தில், விசாரிப்பது நேர்வழி.

'சிப்பி இளவரசி' ஒரு மணி நேரம்தான் என்பதால் முன்னால் ஒரு குறும்படம் போட இடம் இருக்கும். 'டின்னர் ஃபார் ஒன்' போடுங்கள்: 1963இல் வட ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் ஹாம்பர்கில் பதிவு செய்தது, 18 நிமிடம். ஜெர்மனியில் ஒவ்வொரு புத்தாண்டுக்கு முந்தைய இரவும் போடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் முன்னுரை மட்டும்தான் ஜெர்மன், நாடகம் முழுக்க ஆங்கிலம். தொண்ணூறாவது பிறந்தநாள் கொண்டாடும் சீமாட்டி. நான்கு விருந்தாளிகளும் செத்துப்போய் வருஷங்கள் ஆகின்றன. பட்லர் ஜேம்ஸ் நான்கு பேருக்காகவும் தானே கோப்பையைக் காலி செய்கிறான். நான்கு சுற்று, நான்கு பானம், ஆக மொத்தம் பதினாறு. தரையில் கிடக்கும் புலித்தோலின் தலையில் தடுக்கி விழுவது தனிக் கணக்கு. 11 நிமிடச் சுவிஸ் பதிப்பும் ஒன்று உண்டு. நேரம் நெருக்கினால் தவிர, நீளமானதையே எடுங்கள், தடுக்கல்கள் பெருகினால்தான் சிரிப்பும் பெருகும். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் கடைசி வாசகத்தை முன்கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் பரிமாறப்படும் சூப் முல்லிகடானி. அந்த இடத்துச் சப்டைட்டிலில் 'சூப்' என்று எழுதி விடாமல் 'மிளகுத்தண்ணி' என்றே போடுங்கள். அந்தச் சொல்லே நம்முடையதுதான். ஜெர்மன்காரன் சிரிக்காத ஒரு இடத்தில் உங்கள் கூடம் சிரிக்கும், அந்தச் சிரிப்போடு படத்தைத் தொடங்கிவிடலாம். பிறகு அடுத்த மாதத்துக்கு புன்டிலாவின் பிரதியைத் தேடுங்கள். குர்ட் போய்ஸை ஏற்கெனவே பார்த்தவர்களாகக் கூட்டம் திரும்பி வரும்.